நாலு பேர் திருச்சமூகத்துக்கு ஒரு வாழ்த்து மடல்

மாட்சிமை தங்கிய, மங்காப் புகழ் பூண்ட, எங்கும் நீக்கமற நிறைந்த நாலு பேர் அவர்களின் திருச்சமூகத்துக்கு, அவர்தம் நிழலிலேயே பிறந்து வளர்ந்த எளியேன் சிரம் தாழ்த்தி வரையும் வாழ்த்து மடல்.

தேவரீருக்கு முகவரி கிடையாது. ஆயினும் தேவரீர் குடியிராத தெரு கிடையாது. தேவரீரை நேரில் கண்டதாகச் சொன்னவர் எவருமில்லை. கண்டதில்லையே என்று துணிந்து நடந்தவரும் அரிது. ‘நாலு பேர் என்ன சொல்வாங்க?’ என்று ஒரு தாய் தழுதழுத்த குரலில் கேட்ட மாத்திரத்தில், அரசாணைக்கும் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கும் வாய்க்காத கீழ்ப்படிதல் அந்த வீட்டில் உண்டாகிவிடுகிறது. தேர்தல் இல்லை, பதவிக்காலம் இல்லை, மேல்முறையீடு இல்லை. முடிமன்னர்களெல்லாம் மானியமும் இழந்து மறைந்துபோன தேசத்தில், சாயாத செங்கோல் தேவரீருடையது ஒன்றே.

தேவரீரின் கீர்த்திகள் அநேகம். சாதி கடந்து காதலித்த பிள்ளைகளைத் தேவரீர் கவனித்துக்கொண்ட விதத்தை நாளேடுகள் வேண்டுமட்டும் அச்சிட்டுவிட்டன. எளியேன் பாட எடுத்துக்கொண்டது அவ்வளவாகப் பாடப்படாத ஒரு கருணையை. ஆண்மீது மனம் வைத்த பையனுக்கும், பெண்மீது மனம் வைத்த பெண்ணுக்கும், பிறந்தபோது மருத்துவமனையில் எழுதிய பாலினம் தன்னுடையது அன்று என்றுணர்ந்த திருநங்கைக்கும் திருநம்பிக்கும் தேவரீர் வாரி வழங்கிவரும் பேராதரவே அது. இப்படிப்பட்ட இளையோருக்கு இந்நாட்டில் ஆதரவு இல்லை, அவர்களைச் சூழ்ந்து நிற்க ஒரு சமூகம் இல்லை என்று சிலர் அங்கலாய்க்கிறார்கள். தேவரீரின் பெருமை அறியாதார் பேச்சு அது. வேறெந்தப் பிள்ளைக்காகவும் இத்தனை பேர், இத்தனை விரைவில், இத்தனை ஒற்றுமையாகத் திரண்டதாகச் சரித்திரம் இல்லை.

பத்தொன்பது வயதுப் பையன் ஒருவனின் செல்போனில் இன்னொரு பையன் அனுப்பிய செய்திகள் கண்டெடுக்கப்படும் நன்னாளை எண்ணிப் பார்க்கிறேன். அவன் கல்லூரிக் கட்டணத்துக்குத் தகப்பனார் அலைந்தபோது போனை எடுக்க நேரமில்லாதிருந்த பெரியப்பா, அன்றிரவே பேருந்து ஏறி விடியுமுன் வந்து இறங்குகிறார். பாகப்பிரிவினைக்குப் பின் ஏழாண்டு பேச்சுவார்த்தை இல்லாத சித்தப்பா, பகையை மறந்து வாசற்படி ஏறுகிறார். தாய்மாமன் வருகிறார். அத்தை, வந்ததும் வராததுமாக, வளர்ப்பு சரியில்லை என்னும் ஆறுதலைத் தாய்க்கு வழங்குகிறார். பிளவுண்ட குடும்பங்களை ஒரே இரவில் ஒரே கூடத்தில் அமர்த்தும் வல்லமை தீபாவளிக்கும் இல்லை, திருமணத்துக்கும் இல்லை.

அந்த மகாசபையின் பெருந்தன்மையை என்னென்பது! ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். யாருடன் சேர்ந்து கெட்டான், எந்தப் படத்தைப் பார்த்துக் கெட்டான், ஊர் மாற்றினால் சரியாகுமா என்றெல்லாம் விடிய விடிய ஆராய்கிறார்கள். பையனிடம் மட்டும் எவரும் எதுவும் கேட்பதில்லை. தன்னைப் பற்றித் தானே பேசும் சிரமத்தை ஒரு பிள்ளைக்குக் கொடுக்கலாகாது என்ற மென்மையான மனம் அது. அவன் கண்களுக்கு ஓய்வு வேண்டும் என்று செல்போனை வாங்கிப் பூட்டிவைக்கிறார்கள். கால்களுக்கு ஓய்வு வேண்டும் என்று கல்லூரிக்குப் போக வேண்டாம் என்கிறார்கள். அவனுடைய நல்ல நண்பர்கள் வாசலுக்கு வந்தால், அவன் ஊரில் இல்லை என்று சொல்லி அனுப்புகிறார்கள். இருபத்து நான்கு மணி நேரமும் அவனருகே ஒருவர் காவல் இருக்கிறார். இதற்கு மேலும் தனிமை, தனிமை என்று புலம்புகிற பிள்ளையை யார்தான் திருத்த முடியும்?

ஆதரவின் அடுத்த படி வைத்தியம். முதலில் குலதெய்வம், பிறகு தாயத்து, பிறகு வேப்பிலையோடு ஒருவர். தெய்வங்கள் இவ்விஷயத்தில் மௌனம் சாதிப்பதால் அடுத்து லாட்ஜ் வைத்தியர். மாதம் இரு முறை ஊர் ஊராகப் போய், பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள விடுதியில் அறையெடுத்து, இளமைக்காலத் தவறுகள் அனைத்தையும் லேகியத்தால் அழிக்க வல்லவர் என்று தொலைக்காட்சியில் தாமே தமக்குச் சான்றிதழ் அளித்துக்கொள்ளும் மேதைகளைப் போற்றாமல் இந்த மடல் நிறைவு பெறாது. நாடி பிடித்த அரை நிமிடத்தில் நரம்புத் தளர்ச்சி என்று கண்டறிகிறார்கள். ஒரு மண்டலம் சாப்பிடச் சொல்கிறார்கள். விலை மட்டும் சற்று அதிகம். மகனைவிட மதிப்புள்ள தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போகிறது.

லேகியத்தால் ஆகாதது ஊசியால் ஆகும் என்று, பட்டம் பெற்ற மருத்துவரின் கதவும் தட்டப்படுகிறது. இங்கேதான் நம் மருத்துவப் பெருமக்களுள் ஒரு சாராரின் வீரம் துலங்குகிறது. உலக சுகாதார நிறுவனம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது 1990 மே 17-ஆம் நாள். சமூக வழக்கத்துக்கு ஒத்துவராத நடத்தையை வைத்து ஒருவரை மனநோயாளி என்று முடிவுகட்டலாகாது என்றது நம் 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம். இது நோயே அன்று என்று இந்திய மனநல மருத்துவர் சங்கம் 2018-இல் அறிவித்தது. ‘மாற்றுச் சிகிச்சை’ என்ற பெயரில் பாலீர்ப்பை மாற்ற முயல்வது தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் எழுதியது. இத்தனை தடைகளையும் ஒரு பொருட்டாகக் கருதாமல், ‘ஆறு மாசம் கூட்டிட்டு வாங்க, சரி பண்ணிடலாம்’ என்று வாக்களிக்கும் மனோதைரியம் எளிதில் வருவதா? முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட உலக அறிவு முழுவதையும் ஒரு மருந்துச்சீட்டால் ஒதுக்கித் தள்ளுவதற்கு எத்தகைய தன்னம்பிக்கை வேண்டும்!

தேசிய மருத்துவ ஆணையத்தின் மாண்பும் குறைந்ததன்று. பெண்ணும் பெண்ணும் நேசிப்பதை ‘இயற்கைக்கு மாறான பாலியல் குற்றங்கள்’ என்ற வரிசையில் மாணவர்கள் மறுபடியும் படிக்கும்படி 2024 ஆகஸ்டில் பாடத்திட்டம் வெளியிட்டது. உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6-ஆம் நாளே இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவின் பிடியிலிருந்து விடுவித்த உறவு அது. நாடு மறந்துவிட்ட குற்றங்களையும் மறவாமல் பேணும் நினைவாற்றல் எல்லாருக்கும் அமையாது. கூச்சல் எழுந்ததால் செப்டம்பர் முதல் வாரத்திலேயே அதைத் திரும்பப் பெற நேர்ந்தது ஆணையத்தின் குற்றமன்று, அது முயன்றது.

இனி தேவரீரின் மகுடத்தில் நடுநாயகமாக ஒளிரும் மணியைப் பாடுகிறேன். அதுதான் கால்கட்டு. ‘ஒரு கல்யாணத்தைப் பண்ணி வச்சா எல்லாம் சரியாயிடும்.’ காமாலைக்குக் கீழாநெல்லி என்பதைவிட உறுதியாக நம் ஊரில் சொல்லப்படும் மருந்து இது. சீட்டெழுதித் தருபவர் தேவரீர். மருந்தாக அரைபடப் போகிறவள் எங்கோ ஒரு சிற்றூரில் பட்டப்படிப்பு முடித்து, ஜாதகத்தில் தோஷமில்லாமல், வரப்போகிறவனைப் பற்றித் தோழிகளிடம் வெட்கத்தோடு பேசிக்கொண்டிருக்கும் ஒரு பெண். அவளிடம் உண்மையைச் சொல்லி மனத்தைக் கலக்க வேண்டாம் என்ற தேவரீரின் நாகரிகத்தை நினைக்க நெஞ்சு நிறைகிறது. வேலை, சம்பளம், சொந்த வீடு, பத்துப் பொருத்தம் எல்லாம் சொல்லப்படுகின்றன. அந்த ஒரு பொருத்தம் மட்டும் முதலிரவு வரை அவளுக்கான வியப்பாகப் பாதுகாக்கப்படுகிறது.

பிறகு ஆண்டுகள் போகின்றன. இருவரும் ஒரே கூரையின் கீழ், ஒருவரையொருவர் நோகடிக்காமலிருக்க முயன்று நோகிறார்கள். ‘விசேஷம் உண்டா?’ என்று தேவரீர் மாதந்தோறும் விசாரித்தருளுகிறீர். குறை அவளிடம்தான் என்பதைப் பரிசோதனைக்கு முன்பே கண்டறிந்து அறிவிக்கிறீர். அவள் கருத்தரிப்பு மையத்தின் வாசலில் கையில் கோப்போடு வரிசையில் நிற்கிறாள். அவன் வாகனம் நிறுத்துமிடத்தில் நிற்கிறான். ஒரு பிள்ளையின் வாழ்வைச் சீர்படுத்தப் புறப்பட்டு, இரண்டு பிள்ளைகளின் வாழ்வை ஒரே முகூர்த்தத்தில் முடித்துவைக்கும் இந்தச் சிக்கனத்துக்கு ஈடுண்டா? மண்டபத்தில் மொய் எழுதி, வயிறார உண்டு, தாம்பூலப் பையோடு தேவரீர் திரும்பிய காட்சியை எண்ணினால், கடமையைச் செய்து முடித்தவரின் முகத்தில் தோன்றும் சாந்தம் இன்னதென விளங்குகிறது.

பெண்பிள்ளை என்றால் தேவரீரின் கருணை இன்னும் விரைந்து பாயும். பையனுக்காவது ஆராய்ச்சி உண்டு. அவளுக்கு நேரே மாப்பிள்ளைதான். பெண்ணின் மனத்துக்கும் ஒரு திசை உண்டு என்ற ஐயமே தேவரீரின் பரிசுத்த உள்ளத்தில் எழுவதில்லை. தோழியோடு சிரித்துப் பேசியதெல்லாம் சினேகம் என்றே பதினைந்தாண்டு நம்புவீர். அவள் உண்மையைச் சொன்ன பதினைந்தாம் நிமிடத்தில் கதவைத் தாழிடுவீர்.

திருநங்கைப் பிள்ளைக்கு வேறு மரியாதை. அவளைக் கட்டிவைத்து மாற்ற முடியாது என்று தெரிந்ததும் முழுச் சுதந்திரம் அளித்துவிடுகிறீர்: பதினான்கு, பதினைந்து வயதில், உடுத்திய துணியோடு, பள்ளிச் சான்றிதழ் என்னும் சுமையும் இல்லாமல், உலகம் முழுவதும் சுற்றிவர. ‘செத்துட்டான்னு நெனச்சுக்கிறோம்’ என்று அவளுக்காக ஒரு முழுக்கும் போடுகிறீர். அவள் போய்ச் சேரும், திருநங்கையர் கூடி வாழும் ஜமாத்தில் யாரோ ஒரு மூத்த திருநங்கை மகளாகத் தத்தெடுத்துச் சோறு போடுகிறாள். எழுத்தறியாத, ஏழையான, தேவரீர் எந்நாளும் மதித்திராத ஒருத்தி, பெற்றவர்கள் கைவிட்ட இடத்தில் தாயாகி நிற்கிறாள். இந்த அத்துமீறலைத் தேவரீர் பொருட்படுத்தாமல் விட்டிருப்பதும் ஒரு பெருந்தன்மையே. ஆண்டுகள் கழித்து, அவள் கடை கடையாகக் கையேந்திச் சேர்த்த பணம் தங்கையின் கல்யாணத்துக்கு வீடு வந்து சேர்கிறது. பணத்துக்குத் தீட்டு இல்லை என்ற முற்போக்குக் கொள்கையை அப்போது தேவரீர் கடைப்பிடிக்கிறீர். பத்திரிகையில் அவள் பெயர் மட்டும் இராது. மண்டபத்தில் கூட்ட நெரிசலில் அவள் சிரமப்படக் கூடாதல்லவா.

பள்ளிக்கூடத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. பிள்ளையின் உண்மையான பெயரை விட்டுவிட்டு, நடக்கும் விதத்துக்கும் பேசும் குரலுக்கும் ஏற்ற பட்டப்பெயர் சூட்டி, சில வேளை ஓர் எண்ணையே பட்டமாக்கி, ஆண்டுக்கணக்கில் அழைத்து மகிழும் சக மாணவர்களையும், அதைக் கேட்டுப் புன்னகையோடு கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்ளும் ஆசிரியர்களையும் எத்தனை பாராட்டினாலும் தகும். கழிவறைக்குப் போனால் அடிவிழும் என்று காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலே மாலை வரை இருக்கும் தவத்தை அந்தப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்தது நம் பள்ளிகளே. திருநர் குழந்தைகளைப் பள்ளியில் எப்படி நடத்துவது என்று ஆசிரியர்களுக்காக ஒரு பயிற்சிக் கையேட்டைத் தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழு 2021-இல் தயாரித்தது. குழந்தைகளின் உரிமையைக் காக்கவென்றே அமைக்கப்பட்ட தேசிய ஆணையம் ஆட்சேபம் தெரிவிக்க, அந்தக் கையேடு சில நாட்களிலேயே பார்வையிலிருந்து மறைந்தது. ஆசிரியர்களை அறிவின் பாரத்திலிருந்து விடுவித்த அந்த வேகம், பள்ளிக் கட்டடங்களுக்கு நிதி ஒதுக்குவதில் காணக் கிடைக்காதது. கல்லூரிகளுக்கும் குறைவில்லை. பாலீர்ப்பையோ பாலின அடையாளத்தையோ காரணமாகக் கொண்டு ஒருவரை வதைப்பதும் ராகிங்கே என்று பல்கலைக்கழக மானியக் குழு 2016-இலேயே விதி திருத்தியது. அந்த விதியை மாணவர் கண்ணில் படாமல் இன்றுவரை பத்திரமாகக் காத்துவரும் கல்லூரிகள் அநேகம்.

பிள்ளை வீட்டை விட்டுப் போய்விட்டால்? தேவரீரின் நீண்ட கரம் காவல் நிலையம் வரை நீள்கிறது. வளர்ந்த மகள் தன் விருப்பத்தால், தன் தோழியோடு, தெரிந்தே ஒரு நகரத்துக்குப் போய் வாழ்ந்தாலும், அவள் ‘காணாமல் போனவள்’ ஆகிறாள். எங்கே இருக்கிறாள் என்று எல்லாருக்கும் தெரிந்த பிறகும் காணாமல் போனவளாகவே நீடிக்கும் பேறு வேறெந்த நாட்டுக் குடிமகளுக்குக் கிடைக்கும்? மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு இளம்பெண்கள் இந்தப் பேற்றைத் தாங்க மாட்டாமல் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார்கள். பெற்றோருடன் உளவியல் நிபுணர் பேசினார். அவர்களை வாட்டியது மகள்களின் துயரமன்று, சமூகம் என்ன சொல்லும் என்பதே என்றும், மகள்கள் துறவிகளைப் போல வாழ்ந்துவிட்டால்கூடச் சம்மதம் என்னும் மனநிலையில் அவர்கள் இருந்தார்கள் என்றும் நீதிமன்றத்தில் பதிவாயிற்று. நாலு பேர் என்ற திருநாமம் ஒரு நீதிமன்ற ஆவணத்துக்குள் இப்படிச் சிம்மாசனமிட்டு அமர்ந்த அழகே அழகு.

2025 மே மாதம் அதே உயர் நீதிமன்றத்தில் இன்னொரு வழக்கு. இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தியைக் குடும்பத்தார் பலவந்தமாகக் கொண்டுபோய், அடித்து, அவளை ‘இயல்பாக்க’ச் சடங்குகளும் செய்வித்தனர். அவளுடைய துணைவி காவல் துறையின் கதவுகளைத் தட்டிப் பார்த்தாள். குடும்ப விவகாரங்களில் தலையிடாத நம் காவல் துறையின் துறவு மனப்பான்மை புகழ்பெற்றது. இங்கோ, அந்தப் பெண்ணைப் பெற்றவர்களிடமே சேர்ப்பித்துக் கொடுக்கும் அளவுக்கு அந்தத் துறவிகள் உழைத்தார்கள். அவள் விரும்பிய இடத்துக்குப் போகலாம், குடும்பத்தார் குறுக்கிடக் கூடாது, திருமணம் ஒன்றால்தான் குடும்பம் உண்டாகும் என்பதில்லை, தாமே தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பமே என்று நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். காவல் துறையின் மெத்தனத்தையும் கண்டித்தார்கள். தேவரீருக்கு அன்று எத்தனை மன வருத்தமோ.

சட்டம் இயற்றியோரையும் மறந்துவிடலாகாது. 2019-ஆம் ஆண்டுத் திருநர் பாதுகாப்புச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, திருநராக இருப்பதைக் காரணம் காட்டி எந்தக் குழந்தையையும் நீதிமன்ற ஆணையின்றிப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது என்கிறது. பெற்றோரால் பார்த்துக்கொள்ள இயலாவிட்டால் நீதிமன்றம் மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பலாம். பிரம்பெடுத்த கையிடமும் கட்டடத்திடமும் குழந்தையை ஒப்படைக்க வழி கண்ட சட்டம், மகளாக ஏற்று வளர்த்த அந்த மூத்த திருநங்கையை எங்கும் காணவில்லை. தெரிந்தே காணாதிருக்கும் இந்தக் கண்ணியத்தை என்ன சொல்ல! அதே சட்டத்தின் 18-ஆம் பிரிவு திருநர்மீது நிகழும் பாலியல் கொடுமைக்கு அளிக்கும் தண்டனை ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை. மற்றப் பெண்களுக்கு நேர்ந்தால் பத்தாண்டுக்குக் குறையாத தண்டனைக்குரிய கொடுமையும் இவர்களுக்கு நேர்ந்தால் இரண்டாண்டில் தீர்ந்துவிடுகிறது. குற்றவாளிகளின் குடும்பங்கள்மீது இவ்வளவு இரக்கம் காட்டிய சட்டம் நானறிய வேறில்லை.

இவ்வாறு குறைவின்றி நடந்துவரும் பேராட்சிக்கு எதிராகச் சிலர் செய்துவரும் அடாத செயல்களையும் தேவரீரின் திருச்செவியில் போட்டுவைப்பது என் கடமை.

சென்னையில் 1998 முதல் சகோதரன் என்றொரு அமைப்பு இருக்கிறது. 2003-இல் சில நண்பர்கள் கூடித் தொடங்கியது பின்னர் ஓரினம் என்று பெயர் பூண்டது. தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுகிறார்கள், கூடிப் பேசுகிறார்கள், லேகியம் தராத, திருத்தவும் முற்படாத உளநல ஆலோசகர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று பட்டியலிட்டு வைக்கிறார்கள், பெற்றோருக்கும் பதில் சொல்கிறார்கள். மதுரையில் மாணவர்கள் 2011-இல் சிருஷ்டி என்ற பெயரில் கூடினார்கள். 2009 முதல் சென்னையில் ஆண்டுதோறும் வானவில் கொடியேந்தி ஊர்வலம் வேறு. தான் மட்டும்தான் இப்படி, உலகில் வேறு எவருமில்லை என்று ஒரு பிள்ளை நம்பிக்கொண்டிருக்கும்வரைதான் தேவரீரின் ஆட்சி நிலைக்கும். ‘உன்னைப் போல நானும்’ என்று யாரோ ஒருவர் எதிரில் வந்து உட்கார்ந்து தேநீர் குடித்தால், தேவரீர் பாடுபட்டு எழுப்பிய கோட்டையில் விரிசல் விழுந்துவிடுகிறது.

புத்தகங்களும் போதாக்குறைக்கு. ரேவதியின் ‘உணர்வும் உருவமும்’ 2004-இல் வந்தது. லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான், வித்யா’ 2007-இல். நம் தமிழிலேயே, நம் ஊர்ப் பேச்சிலேயே எழுதப்பட்டவை. நூலகத்தின் ஓர் அலமாரியில் தற்செயலாகக் கைபட்டால் ஒரு பிள்ளை தன் வாழ்க்கையை அச்சில் படித்துவிடும் அபாயம் இருக்கிறது.

பெற்றோர்களே கட்சி மாறுவதுதான் எல்லாவற்றிலும் கொடுமை. ஸ்வீகார் என்ற பெயரில் இந்தியா முழுவதும் இத்தகைய பிள்ளைகளைப் பெற்றவர்கள் கூடியிருக்கிறார்கள். 2023-இல் நானூறுக்கு மேற்பட்ட பெற்றோர், எங்கள் பிள்ளைகளின் திருமணத்தைச் சட்டம் ஏற்பதை எங்கள் வாழ்நாளில் காண வேண்டும் என்று தலைமை நீதிபதிக்குக் கடிதம் எழுதினார்கள். அவ்வாண்டு அக்டோபர் 17-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அதற்கு இணங்கவில்லை. தேவரீர் மூச்சு விட்டிருப்பீர். ஆனால் கடிதம் எழுதிய கைகள் இன்னும் தம் பிள்ளைகளின் தோள்மீதுதான் இருக்கின்றன. நாலு பேரை நானூறு பேர் மிஞ்சிவிட்டார்கள் என்ற செய்தி வெளியே பரவினால் என்னாகும்?

நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அவர்களின் செயலை என்னவென்று முறையிடுவேன்! மதுரைப் பெண்களின் வழக்கைக் கேட்ட அவர், இவ்விஷயத்தில் தமக்குப் போதிய தெளிவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியல் நிபுணரிடம் மாணவரைப் போல உட்கார்ந்து கற்றுக்கொண்டு, அதைத் தீர்ப்பிலும் எழுதிவிட்டார். எல்லாம் தெரிந்தவர்களாகவே பிறந்து எல்லாம் தெரிந்தவர்களாகவே மறையும் தேவரீரின் மரபுக்கு இதைவிடப் பெரிய அவமதிப்பு உண்டா? 2021 ஜூன் 7-ஆம் நாள் அவர் பிறப்பித்த உத்தரவு, மாற்றுச் சிகிச்சை முயற்சிகளைத் தடைசெய்தது. வயது வந்தவர்கள் மனமொத்து வாழ்கிறார்கள் என்று தெரிந்தால் காணவில்லை என்ற புகாரை முடித்துவிடும்படி காவலர்களைப் பணித்தது. ஒதுங்க இடமும் உதவும் அமைப்புகளின் பட்டியலும் வேண்டும் என்று அரசுகளுக்குச் சொன்னது. அடுத்த ஆண்டே தமிழ்நாடு அரசு, காவலர் நடத்தை விதிகளில் 24-சி என்று ஒன்றைச் சேர்த்து இவர்களைத் துன்புறுத்தலாகாது என்றது. கண்ணியமாக அழைப்பதற்குரிய தமிழ்ச் சொற்களை அரசிதழிலும் வெளியிட்டது. பட்டப்பெயர் வைத்துப் பழகிய நாவுகளுக்கு எத்தனை இடைஞ்சல்!

நல்லவேளையாக, இவற்றில் எதுவும் பெரும்பாலான வீடுகளுக்கு வந்து சேரவில்லை. சென்னைக்கும் மதுரைக்கும் அப்பால், பேருந்து தினம் இரண்டு முறை வந்து போகும் ஊரில், பூட்டிய அறைக்குள் இருக்கும் பிள்ளைக்கு இந்த அமைப்புகளின் பெயரும் தெரியாது, தீர்ப்பின் நாளும் தெரியாது. கிராம நிர்வாக அலுவலகத்தின் சுவரில் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுவரில் இல்லை. பள்ளியின் அறிவிப்புப் பலகையில் அறவே இல்லை. தேவரீரின் ஆட்சி தங்கியிருப்பது அந்த வெற்றுச் சுவர்களின் மேல்தான்.

ஆகையால் இம்மடலைப் படிக்க நேர்ந்த வாசகப் பெருமக்களுக்கு, நாலு பேரின் பெயரால் ஒரு வேண்டுகோள். 14416 என்ற எண்ணை எந்தச் சுவரிலும் எழுதிவிடாதீர்கள். அது அரசின் மனநல உதவி எண். இரவும் பகலும் பேசலாம், தமிழில் பேசலாம், காசு கிடையாது. பதினெட்டு நிரம்பாத பிள்ளைக்கு 1098 இருக்கிறது என்பதையும் யாருக்கும் சொல்லாதீர்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை ஒருநாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ‘உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்’ என்று தொடங்கினால், பெரியப்பாவுக்குப் போன் போடாமல் இருந்துவிடாதீர்கள். குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டுவிடாதீர்கள். கேட்டு முடித்து, ‘சரி, சாப்பிட்டியா?’ என்று கேட்டுவிட்டால், உங்கள் வீட்டில் நாலு பேரின் ஆட்சி அன்றோடு முடிந்தது.